இறகுக்கு உறை

மேட்டூரில் அணையைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் போதும், மேலக்கரைப் பிள்ளைகளுக்கு இருப்புக் கொள்ளாது.

மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கிற சின்ன ஊர் அது. அணைத் தண்ணீர் ஆறு ஆறாகப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக நுழைந்து, அந்த ஊர்க் கோடிக்கு வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். காய்ந்து வெடித்துக் கிடக்கிற வாய்க்காலில் முதல் தண்ணீர் அவசரப்படாது. சருகையும் சுள்ளியையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, வெடிப்புகளில் குபுகுபுவென்று இறங்கி, மறுபடி எழுந்து, தவழ்கிற குழந்தை மாதிரி நின்று நின்று வரும்.

அந்தத் தண்ணீருக்கு முன்னால் ஹுமைராவும் குந்தவையும் ஓடுவார்கள். கால் நனையக் கூடாது. நனைந்தால் தோற்றார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து வருஷம் தவறாமல் விளையாடிய விளையாட்டு.

ஹுமைரா இப்போது பெரிய பெண். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஆனாலும் முதல் தண்ணீர் பட்ட மண் வாசனை வந்துவிட்டால், ஏழாம் வகுப்பு படித்த அந்த ஆனி மாதம் அவளுக்கு அப்படியே திரும்பி வந்துவிடும்.

அன்றைக்கு விடிந்ததும் இரண்டு பேரும் மதகுக்குக் கீழே வாய்க்காலுக்குள் இறங்கி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தயாராக நின்றார்கள்.

"ஏய், வருதுடி!" என்றாள் குந்தவை. பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "நுரை என்னடி இவ்வளவு வெள்ளையா வருது?"

"புதுத் தண்ணி இல்லையா, அதான்."

தண்ணீர் கிட்டே வந்தது. அது நுரை இல்லை. இறகு! ஆயிரம் ஆயிரமாகக் கோழி இறகு!

ஓட வேண்டும் என்பதே இருவருக்கும் மறந்துபோயிற்று. தண்ணீர் வந்து கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. குந்தவையின் கால் முழுக்க ஈர இறகு ஒட்டிக்கொண்டு, அவளே ஒரு பெரிய கோழி மாதிரி நின்றாள். வேறு நாளாக இருந்தால் ஹுமைரா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இறகு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

ஹுமைராவின் அத்தா, அதாவது அப்பா, அப்துல் ஜலீலுக்குச் சாலையோரத்தில் வீட்டை ஒட்டி ஒரு கோழிக்கடை. இறகு மூட்டைகளை எடுத்துப்போகச் செவ்வாய்தோறும் ஒரு வேன் வரும். இரண்டு மாதமாக அந்த வேன் வரவில்லை. மூட்டைகள் கடைக்குப் பின்னால் குவிந்தன. கடைக்கு வருகிறவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். இடமில்லாமல் ஜலீல் நாலு மூட்டையைக் காய்ந்த வாய்க்காலுக்குள் இறக்கி வைத்தார். 'தண்ணி வெள்ளிக்கிழமைதான் வரும். அதுக்குள்ள எடுத்துடலாம்' என்று நினைத்தார்.

தண்ணீர் புதன்கிழமையே வந்துவிட்டது. நைந்துபோன சாக்கு நாலும் பிரிந்து கொட்டிவிட்டன.

வந்த இறகெல்லாம் நேராகக் குந்தவையின் அப்பா பஞ்சநதத்தின் நாற்றங்காலுக்குள் நுழைந்தது. முந்தின நாள்தான் அவர் பம்புசெட்டுத் தண்ணீரில் சேறடித்து, முளைகட்டிய விதைநெல்லைத் தெளித்திருந்தார். சேறு தெரியவில்லை, விதை தெரியவில்லை. எல்லாம் ஒரே இறகு.

செய்தி கேட்டு ஜலீல் ஓடிவந்தார். பஞ்சநதம் சத்தம் போடவில்லை. வரப்பில் நின்றபடி மெதுவாகத்தான் கேட்டார்.

"புதுத் தண்ணியக் கும்புட்டு மடையத் தொறந்தேன் பாய். எனக்கு என்ன வந்திருக்கு பாருங்க."

"தப்பு என்னோடதுதான் அண்ணே. நானே பொறுக்கிடறேன்."

"பொறுக்குவீங்க. இறகோட ஒட்டிக்கிட்டு வெதையும் வருமே, அத என்ன பண்றது?"

ஜலீல் சேற்றில் இறங்கினார். அவரும் ஹுமைராவும் அன்று முழுவதும் குனிந்து இறகு பொறுக்கினார்கள். பாதி விதை இறகோடு போய்விட்டது. பஞ்சநதம் மறுபடி விதை தெளிக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் ஊராட்சியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். ஆடி மாதம் முடிவதற்குள் இறகுக்கு ஒரு வழி பண்ண வேண்டும். இல்லாவிட்டால் கடையைக் காலி செய்ய வேண்டும்.

"காலி பண்ணினா நாம என்ன செய்யறது?" என்று ஹுமைராவின் அம்மா ஹமீதா பானு கேட்டாள்.

"முத்துப்பேட்டைக்குப் போயிடலாம். அங்க அண்ணன் கடையோட சேர்ந்துக்க வேண்டியதுதான்."

"அப்ப என் ஸ்கூலு?" என்றாள் ஹுமைரா.

அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

பள்ளியில் குந்தவை அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். ஆனால் இருவருக்கும் நடுவில் புத்தகப் பையை நிமிர்த்தி வைத்துவிட்டாள். ஹுமைரா பேசினால் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் ரப்பரை எடுத்து மேசைமேல் நிற்க வைத்து, அதனிடம் பேசினாள்.

"டேய் ரப்பரு, எங்கப்பா அந்த வீட்டுப் பொண்ணோட பேசக் கூடாதுன்னுட்டாரு. நான் என்ன பண்றது, நீயே சொல்லு."

ஹுமைரா தன் ஸ்கேலைத் தூக்கி நிறுத்தினாள். "ஏ ஸ்கேலு, அப்ப நாளைக்குக் கணக்கு டெஸ்ட்டு இருக்கா இல்லையான்னு அந்த ரப்பரைக் கேட்டுச் சொல்லு."

"டேய் ரப்பரு, இருக்குன்னு சொல்லுடா."

இப்படியே நாள் போயிற்று. ரப்பருக்கும் ஸ்கேலுக்கும் நல்ல சிநேகம். அவற்றின் சொந்தக்காரிகளுக்கு நடுவில்தான் பை நின்றது.

இறகை என்ன செய்வது? ஜலீல் கொஞ்சம் கொளுத்திப் பார்த்தார். முடி பொசுங்குகிற நாற்றம் தெருவையே கிளப்பிவிட்டது. குழி வெட்டிப் புதைத்தார். நாய்கள் தோண்டி எடுத்துத் தெருவெல்லாம் இழுத்துப் போட்டன.

ஹுமைராவின் தம்பி ஜாஹித்துக்கு ஐந்து வயது. அவனும் ஒரு யோசனை சொன்னான். "தலகாணி பண்ணலாம்!" சொன்னதோடு நிற்காமல் ஒரு தலையணை உறைக்குள் இறகை அடைத்து, அத்தாவின் பாயில் கொண்டுபோய் வைத்தும் விட்டான். மத்தியானம் படுத்த வேகத்தில் அத்தா எழுந்தார். அந்தத் தலையணையை அம்மா ஒரு குச்சியால் தூக்கிக்கொண்டு போனதை நினைத்தால் ஹுமைராவுக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

ஒரு சனிக்கிழமை அவள் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், எப்போதும் சொட்டுகிற இடத்தில், போன கோடையில் யாரோ மறந்துபோன ஒரு மூட்டை கிடந்தது. இழுத்துப் பார்த்தாள். மூட்டை லேசாக வந்தது. குச்சியால் பிரித்துப் பார்த்தாள்.

உள்ளே இறகே இல்லை! பழுப்பு நிறத்தில் கஞ்சி மாதிரி ஏதோ ஒன்று. அதற்குள் ஈர்க்குச்சி போல நாலைந்து தண்டுகள். மூட்டையைச் சுற்றி மட்டும் அருகம்புல் முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாக நின்றது.

"ஜாஹித், இதுல இருந்த இறக யாருடா தின்னது?"

"பேய்க்கா," என்றான் அவன் உடனே.

திங்கட்கிழமை அறிவியல் ஆசிரியை பிரகதீஸ்வரியிடம் ஹுமைரா கேட்டாள். "டீச்சர், கோழி இறகத் திங்கிறது ஏதாவது இருக்கா?"

டீச்சர் சிரித்தார். "எனக்குத் தெரியலையே. பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் அவரே தேடிக்கொண்டு வந்தார். "இருக்குடி! நம்ம நகம், முடி, கோழி இறகு எல்லாமே கெரட்டின்ங்கிற ஒரே சரக்குதான். அது லேசுல செரிக்காது. ஆனா மண்ணுல இருக்கிற சில பாக்டீரியா அதக் கரைச்சுத் தின்னுடுமாம். கண்ணுக்கே தெரியாத உயிருங்க. அப்படிக் கரைஞ்ச தண்ணியில தழைச்சத்து இருக்காம். வெளியூர்ல அதை உரமாக்கறாங்க, கோழித்தீவனத்துலகூடச் சேக்கறாங்களாம். நீ எங்கடி பாத்த?"

"எங்க தொட்டிக்கு அடியில டீச்சர்."

"தொட்டுடாத! கையுறை போட்டுக்க. உங்கத்தாவ வச்சுக்கிட்டுத்தான் எதையும் செய்யணும். சோப்புப் போட்டுக் கையக் கழுவு."

ஒரு மூட்டையைத் தின்ன ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. ஆடி முடிய இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. எப்படி வேகமாகத் தின்ன வைப்பது? ஹுமைரா அந்த யோசனையிலேயே வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் வேறு கூத்து. ஜாஹித் தயிர்ச் சட்டியைக் கவிழ்த்திருந்தான்.

"உறைக்குக்கூட ஒரு சொட்டு வைக்கலையே பாவி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பழக்கத்தில் ஒரு தம்ளரை எடுத்து ஹுமைராவிடம் நீட்டினாள். "ஓடு, அமிர்தத்துக்கிட்ட ஒரு கரண்டி உறைமோர் வாங்கிட்டு வா. வெளக்கு வச்சாத் தர மாட்டா..."

சொல்லும்போதே அம்மாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அமிர்தம் குந்தவையின் அம்மா. தம்ளரைத் திரும்ப வாங்கி அலமாரியில் கவிழ்த்தாள்.

ஹுமைரா அந்தத் தம்ளரையே பார்த்தாள். எத்தனை தடவை அதைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு ஓடியிருக்கிறாள்! எத்தனை தடவை குந்தவை இங்கே வந்திருக்கிறாள்! ஒரு கரண்டி உறை வாங்க வந்து ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு, வாங்காமலே திரும்பிப் போன நாள்கூட உண்டு. இரண்டு வீட்டுத் தயிரும் அக்கா தங்கை என்று அமிர்தம் அத்தை சொல்லுவார்.

ஒரே ஒரு கரண்டி. அதைக்கொண்டு ஒரு சட்டிப் பாலும் தயிராகிவிடுகிறது.

"அம்மா!" என்று கத்தினாள். "அந்த மூட்டையில இருக்கறது உறைம்மா!"

"எந்த மூட்டை? என்னடி உளர்ற?"

அன்றே வேலை தொடங்கிவிட்டது. ஜலீலுக்கு நம்பிக்கை இல்லை. மகள் கேட்டதற்காகச் செய்தார். இறகைக் கறிவெட்டும் கட்டையில் வைத்துத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு பழைய டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஹுமைரா ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, மூட்டையில் இருந்த கஞ்சியை அள்ளி அதில் ஊற்றினாள். மூட்டையின் ஓரத்தில் ஒட்டியிருந்தது மட்டும்தான் மிச்சம்.

ஒரு வாரம் ஆயிற்று. இறகு இறகாகவே இருந்தது. ஒன்பதாம் நாளும் அப்படியே.

"விடும்மா," என்றார் அத்தா. "நீயும் எவ்வளவோ பண்ணிட்ட."

ஹுமைரா டிரம்மின் மூடியைத் தடவினாள். விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. மோந்து பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசனை.

"அத்தா, இது என்ன?"

"பிளீச்சிங் பவுடர். நாத்தம் வந்தா ஊர்ல மறுபடி பேசுவாங்களேன்னு தெனம் கடையக் கழுவுறப்ப அதுலயும் ரெண்டு கை போட்டுடுவேன்."

"தெனமுமா?"

"ஒரு நாள்கூட விட்டதில்ல," என்றார் அத்தா பெருமையாக.

"அத்தா! கிருமியக் கொல்லத்தானே அதப் போடறாங்க? உறை ஊத்தின பால்ல யாராவது பினாயில் ஊத்துவாங்களா?"

ஜலீல் கையில் இருந்த பவுடர் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். குழந்தை மாதிரி அவர் நின்றதைப் பார்த்ததும் ஹுமைராவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"போகட்டும் அத்தா. சாக்குல கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு. அரைத் தம்ளர் தேறும்."

அரைத் தம்ளர் உறை டிரம்முக்குப் போதாது. அதனால் முதலில் ஒரு சின்ன வாளியில் கொஞ்சம் இறகு, கொஞ்சம் தண்ணீர், அந்த அரைத் தம்ளர். வாளி வெயிலில் இதமான சூட்டில் இருந்தது. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு தினமும் அத்தாவும் மகளும் மாறி மாறிக் கலக்கினார்கள். ஐந்தாம் நாள் தண்ணீர் கலங்கியது. எட்டாம் நாள் இறகு நைந்து கூழாயிற்று. குச்சியில் தூக்கினால் வழிந்தது.

அந்த வாளியைக் கழுவிய டிரம்மில் உறையாக ஊற்றினார்கள். ஏழே நாளில் டிரம்மும் கரைந்தது. நாற்றம் இருந்தது. மாட்டுக்கொட்டகையில் யாரோ வெங்காயத்தை அழுகவிட்ட மாதிரி ஒரு நாற்றம்.

பள்ளியில் ஸ்கேல் ரப்பரிடம் எல்லாக் கதையையும் சொல்லிவிட்டது. ரப்பர் பதிலுக்கு ஒரு யோசனை சொன்னது.

"டேய் ரப்பரு, எங்க வயல்ல நடவு நட்டு பத்து நாளாச்சு. பயிரு வெளுத்துக் கெடக்குன்னு அப்பா கவலைப்படறாரு. அந்தத் தண்ணிய ஒரு பாட்டில்ல குடுத்தா, யாருக்கும் தெரியாம நான் ஊத்திப் பாக்கறேன்னு சொல்லுடா."

ஹுமைராவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆடி முடியப் பதினோரு நாள்தான். ஆனால் ஸ்கேலை மேசைமேல் படுக்க வைத்துவிட்டு, பைக்கு மேலாகக் குந்தவையின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"வேணாம் குந்தவை. எங்க இறகு உங்க வயலுக்குச் சொல்லாம வந்துதான் இவ்வளவும். இந்தத் தடவை கேட்டுட்டுத்தான் வரணும்."

அன்று பள்ளி விட்டதும் அவள் ஒரு பாட்டிலோடு நேராக வயலுக்குப் போனாள். பஞ்சநதம் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"என்ன?"

"மாமா, இது எங்க கடை இறகு. கரைச்சுக் கொண்டாந்திருக்கேன். இதுல தழைச்சத்து இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க. உங்க வயல்ல ஒரே ஒரு மூலை குடுத்தீங்கன்னா ஊத்திப் பாப்பேன். வேணாம்னா போயிடறேன்."

பஞ்சநதம் பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்தார். தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"யம்மாடி! இத ஊத்தினா பயிரு எந்திரிச்சு ஓடிடும் போலருக்கே!"

"ஓடினா நானே புடிச்சு நட்டுக் குடுக்கறேன் மாமா."

அவர் மீசை லேசாக அசைந்தது. பாட்டிலையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"யாரு ஒன்ன அனுப்புனது? அப்பாவா?"

"நானேதான் வந்தேன். அத்தாவுக்குத் தெரியாது."

"ம். அந்த வடமேற்கு மூலையில ஊத்து. அப்படியே ஊத்தாத, காரம் பயிரக் கருக்கிடும். ஒண்ணுக்குப் பத்துத் தண்ணி கலந்துக்க. நாலு பாய் விரிக்கிற எடம், அதுக்கு மேல ஒரு சொட்டு போகக் கூடாது."

அதற்கு மேல் ஒரு சொட்டும் போகவில்லை.

ஆடி மாதம் கடைசி நாளும் வந்தது. ஹமீதா பானு பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். ஹுமைராவின் புத்தகங்கள் அட்டைப்பெட்டிக்குள் போயின. பஞ்சநதத்திடமிருந்து ஒரு தகவலும் இல்லை. குந்தவையும் இரண்டு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை.

நாலு மணி இருக்கும். கடை வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. பஞ்சநதம். பின்னால் குந்தவை, மடியில் இரண்டு வெற்றுக் கேன்களை அணைத்துக்கொண்டு.

"பாய், எங்க அது?" என்றார் இறங்காமலே.

"எது அண்ணே?"

"அந்த நாத்தம் புடிச்சது."

ஜலீல் பயந்துபோனார். "எல்லாம் டிரம்முக்குள்ளதான் அண்ணே இருக்கு. ஒரு இறகு வெளியில கெடையாது."

"அதத்தான் கேக்கறேன். ரெண்டு கேன் ஊத்துங்க. அந்த வடமேற்கு மூலை மட்டும் கருகருன்னு நிக்குது. மத்த பயிரெல்லாம் 'எங்களுக்கு எங்கடா'ன்னு என்ன மொறைக்குது." வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு நாளா இவளுக்குக் காய்ச்சல், அதான் வர முடியல. ஊராட்சிக்குப் போய்ச் சொல்லிட்டேன். பாய் கடை இங்கயே இருக்கட்டும், இறகு மொத்தமும் கரைச்சு எனக்கு வேணும்னு. அவங்களும் சரின்னுட்டாங்க."

ஜலீல் கையைக் கைலியில் துடைத்தார், மறுபடி துடைத்தார். "டீ சாப்பிடுறீங்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

"இந்த நாத்தத்துலயா? சரி, போடச் சொல்லுங்க."

யாரும் சொல்லாமலே ஜாஹித் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அக்காவின் புத்தகங்களைக் கீழே கொட்டினான்.

குந்தவை டிரம் பக்கத்தில் வந்து நின்றாள். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, இத்தன நாளா இதுலயாடி நின்ன?"

"அம்பது நாள் கழிச்சுப் பேச வந்தவ, இதத்தான் பேசணுமா?"

"வேற என்ன பேசறது? கையுறை இன்னொரு ஜோடி இருக்கா? நானும் கலக்கறேன்."

அன்று இரண்டு பேரும் சேர்ந்து கலக்கினதில் டிரம்மில் இருந்தது பாதி அவர்கள்மேல்தான் தெறித்தது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் ஹமீதா பானு அவர்களை வீட்டுக்குள்ளேயே விட்டாள். அப்படியும் நாற்றம் போகவில்லை.

மறுநாள் வகுப்பில் அவர்களோடு உட்கார ஒருவரும் வரவில்லை. முழு பெஞ்சும் அவர்களுக்கே கிடைத்தது. அதில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, சாயங்கால மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசினார்கள்.